ஆமைக்குள் இருந்தவள்

ரெஜினா நன்றாக ஆடுவாள். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் இதை இன்னும் மறக்கவில்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி என்றால் அவளை முன்வரிசையில் நிறுத்திவிட்டுத்தான் மற்ற பிள்ளைகளுக்கு இடம் பார்ப்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவள் கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தையைத் தாண்டியிருக்கும் ஒரு தீம் பார்க்கில் நடனக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரமே ஒரு சிக்கல். அந்தப் பார்க்கின் அடையாளம் பம்மு என்கிற ஆமை. நுழைவாயிலில், டிக்கெட்டில், ஐஸ்கிரீம் கப்பில் எல்லாம் அதன் படம்தான். மேடையில் வருகிற பம்முவுக்குள் ஓர் ஆள் இருப்பார். அப்போது இருந்தவர் வெயிலில் மயங்கி விழுந்து, மறுநாள் வேலைக்கே வரவில்லை. உடுப்பு சின்னது, ரெஜினாவும் குள்ளம். நாலு நாளைக்கு மட்டும் போட்டுக்கொள்ளம்மா என்றார் மேனேஜர் திருவேங்கடம். போட்டுக்கொண்டாள். அது ஒன்பது வருடம் ஆனது.

உள்ளே முழுக்கப் பஞ்சும் ஸ்பாஞ்சும். முதுகில் ஓடு. தலை மட்டும் ஒரு தண்ணீர் கேன் அளவு கனக்கும். ஆமையின் வாயில் இருக்கும் கறுப்பு வலை வழியாகத்தான் வெளியே பார்க்க முடியும், அதுவும் கால் தெரியாது. அதனால் ஒருவர் எப்போதும் கூடவே கையைப் பிடித்து நடத்திப் போவார். அந்த வேலைக்கு அங்கே ‘கைப்பிடி’ என்று பெயர். ரெஜினாவின் கைப்பிடி சீனு. உள்ளே இருப்பவர் பேசக் கூடாது. குழந்தைகள் கண்ணில் படும் இடத்தில் தலையைக் கழற்றக் கூடாது. ஒருமுறை காலேஜ் பையன்கள் விளையாட்டுக்குத் தலையைப் பிடித்து இழுத்ததிலிருந்து, பிடரியில் ஓட்டுக்கு அடியில் இரண்டு கொக்கி வைத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர் கைக்கு அது எட்டாது. கைப்பிடிதான் கழற்றிவிட வேண்டும்.

இதெல்லாம் அவள் தோழியான எனக்குத் தெரியும். சீனுவுக்கும் பார்க்கில் இருப்பவர்களுக்கும் தெரியும். அவள் அப்பா ஞானதாசுக்கு மட்டும் தெரியாது.

ஞானதாஸ் நாவலூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவு வாட்ச்மேன். அவருடைய அப்பா அம்மா காலம் முழுக்க அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். யார் முன்னாலும் கூனி நிற்கக் கூடாது என்பதில் அவர் கறாரானவர். மகள் பார்க்கில் கையும் காலும் தெரிய ஆடப் போகிறாள் என்று உறவுக்காரர் ஒருவர் வந்து ஓதியதும் பெரிய சண்டை. ரெஜினாவின் அம்மா மேரி அத்தை உயிரோடு இருந்தவரை நடுவில் நின்று சமாளித்தார். அவர் போன பிறகு ரெஜினா திருவிடந்தையில் நாலு பெண்களோடு ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

கையும் காலும் தெரிகிறது என்று அவர் சண்டை போட்ட நாட்களில் அவளுடைய நகம்கூட வெளியே தெரிந்ததில்லை. அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று ஒருமுறை போனில் கேட்டேன். நான் அப்போது வெளிநாட்டில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“கோவப்பட்டா பட்டுகினு போவட்டும்டி,” என்றாள். “பாவப்பட்டார்னா என்னால தாங்க முடியாது.”

இந்த வருடம் நான் ஊர் திரும்பியபோது அவள் கழுத்தில் பட்டை போட்டிருந்தாள். எலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலையில் எந்தக் கனமும் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடனக் குழுவில் திரும்பச் சேர்த்துக்கொள்ள அவளுக்கு வயதாகிவிட்டது என்று பார்க்கில் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி ஆட்டம்தான் கடைசி. கையில் வேறு வேலை இல்லை. அறைக்கு மாத வாடகை கொடுக்கவும் இனி வழி இல்லை.

என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். அப்பாவை அழைத்து வர வேண்டும். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மேடையிலேயே தலையைக் கழற்ற மேனேஜர் ஒத்துக்கொண்டிருக்கிறார், குழந்தைகள் யாரும் இருக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. சீனு கொக்கியைக் கழற்றுவான். அப்பா எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

“நான் வாயால சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். மூஞ்சிய அவரு கண்ணால பாக்கணும். பாத்தார்னா, வூட்டுக்கு வான்னு அவரே கூப்டுவாரு. அதுவரிக்கும் நீ வாயத் தெறக்காத.”

சரி என்றேன்.

ரெஜினா வேலையை விட்டு நிற்கிறாள், கடைசி ஆட்டத்துக்கு வாருங்கள் என்று மட்டும் ஞானதாஸ் மாமாவிடம் சொன்னேன். அவர் உடனே கிளம்புவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை மதியம் போனபோது சவரம் செய்து, சர்ச்சுக்குப் போடும் வெள்ளைச் சட்டையோடு தயாராக இருந்தார். வாட்ச்மேன் உடுப்பைத் தனியாக ஒரு பையில் வைத்திருந்தார். எட்டு மணிக்கு டூட்டி. வண்டலூர் போய், கேளம்பாக்கம் பஸ் பிடித்து, அங்கிருந்து கோவளம் வந்து, மறுபடி பஸ் மாறினோம். கேளம்பாக்கத்தில் டீ குடிக்கும்போதுதான் கேட்டார்.

“உடுப்பு இன்னா மாதிரி போடுவாங்க, சிநேகா?”

“முழுசா மூடித்தான் இருக்கும் மாமா.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“நெசமா.”

அதில் அவருக்கு ஏதோ இறங்கிவிட்டது. கோவளம் வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். மேரி அத்தை போனதிலிருந்து வீட்டில் சமைப்பதே இல்லை, வெறும் பார்சல்தான். ரெஜினாவின் சின்ன அறையை அப்படியே வைத்திருக்கிறார். அவரோடு வேலை பார்க்கும் ஜெரோம் அதை வாடகைக்குக் கேட்டு நச்சரிக்கிறான், கொடுக்கவில்லை.

“இங்க வேலைய வுட்டு ஏன் நிக்கிறாளாம்?” என்றார்.

“அவளே சொல்லுவா.”

“நின்னா நல்லதுதான். வூட்டுக்கு வான்னு கேட்டுப் பாக்கறேன். வருவாளா?”

வருவாள் மாமா என்று சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பார்க்கில் நல்ல கூட்டம். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா வந்திருந்தது. எங்கும் குளோரின் வாசனை, ஈரத் துண்டோடு குழந்தைகள். சீனு வந்து எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தான். அவர்தான் அப்பா என்று சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினான். “வா நைனா, ஷோக்கா குந்திகினு பாரு,” என்றான். மாமா கூச்சத்தோடு சிரித்தார்.

பாட்டு ஆரம்பித்ததும் நாலு பெண்கள் மீன் வேஷத்தில் வந்தார்கள். முழுக்கைச் சட்டை, தரை தொடும் பளபளப்புப் பாவாடை, முகம் முழுக்க மினுமினுப்பு, தலையில் சவுரி. பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. நடுவில் நின்றவள் நீலப் பாவாடை. அவள் பெயர் சஹானா, ரெஜினாவின் அறையில் தங்கியிருப்பவள், கிட்டத்தட்ட ரெஜினாவின் உயரம்.

மாமா என் முழங்கையைத் தொட்டார்.

“நடுவுல பாரு. அவங்க அம்மா மாதிரியே கைய வீசிகினு கீறா.”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரம்தான். ஆட்டம் முடியும், கூட்டம் போகும், தலை கழலும். அப்போது அவருக்கே தெரியும். நான் இடையில் புகுந்து கெடுக்க வேண்டாம் என்று பட்டது.

பம்மு வந்தது. குழந்தைகள் இருக்கையிலிருந்து எழுந்து கத்தினார்கள். பம்முவின் வேலை கோமாளித்தனம். நடனக்காரிகளுக்கு நடுவில் புகுந்து தப்புத் தப்பாக ஆடும், இடித்துக்கொண்டு விழும், இன்னொரு தடவை விழுவாயா என்று கேட்டால் பெரிய தலையை இடமும் வலமும் ஆட்டி மாட்டேன் என்னும், உடனே மறுபடி விழும். தாளம் தெரிந்தவள்தான் அவ்வளவு சரியாகத் தாளம் தப்ப முடியும். அன்றைக்கு ரெஜினா கழுத்துப் பட்டையில்லாமல் அதைச் செய்தாள். ஒவ்வொரு முறை விழும்போதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பம்மு எங்கள் பக்கம் திரும்பி, வாய் வலை எங்களுக்கு நேராக இருக்கும்படி கொஞ்ச நேரம் நின்றது.

மாமா எட்டி எட்டிப் பார்த்தார். “இன்னா இது, இந்த ஆமை சும்மா குறுக்கால வந்துகினே கீது. பொண்ண மறைக்குது.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நீலப் பாவாடைக்குத்தான் கைதட்டினார், கடைசிவரை.

ஆட்டம் முடிந்து பெண்கள் உள்ளே போனார்கள். பம்மு மட்டும் படம் எடுத்துக்கொள்ள மேடையில் நின்றது. வழக்கமாக இது சீக்கிரம் முடிந்து எல்லோரும் கடைசியாக ஒருமுறை செயற்கை அலை அடிக்கும் குளத்துக்கு ஓடுவார்கள். அன்றைக்குக் கடலிலிருந்து மழை வந்தது. குளத்தில் இருந்தவர்களை விசில் அடித்து வெளியேற்றினார்கள். கூரை இருந்த இடம் இந்த மேடை ஒன்றுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தப் பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். பம்முவைப் பார்த்ததும் வரிசை கட்டி நின்றுவிட்டார்கள்.

சீனு எங்களைப் பார்த்தான். மேனேஜர் எங்கும் தெரியவில்லை. அவன் கை பம்முவின் பிடரிக்குப் போய், ஓட்டுக்கு அடியில் நுழைந்தது. குனிந்து ஆமையின் வாய்ப் பக்கம் ஏதோ கேட்டான். அந்த நேரம் ஒரு சின்னப் பெண் ஓடிவந்து பம்முவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக் கட்டிக்கொண்டது. பம்மு தலையை இடமும் வலமும் பெரிதாக ஆட்டியது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சீனு கையை எடுத்துவிட்டான்.

வரிசை குறையவே இல்லை. மாமாவின் போன் அடித்தது. பகல் டூட்டி பார்த்த ஜெரோம்தான். மழையில் பேஸ்மெண்டில் தண்ணீர் ஏறுகிறது, சீக்கிரம் வா என்றான். மாமா பையை எடுத்தார். அவள் வந்துவிடுவாள், பத்து நிமிடம் இருங்கள் என்று கெஞ்சினேன்.

“வேணாம் பாப்பா. பாத்துட்டேன், போதும்.” மேடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இம்மாம் ஜனம் கைதட்டுது. இந்த மாதிரி ஆடுறவள வூட்டுக்குக் கூப்ட்டு இன்னா பண்றது? கஞ்சி காச்சச் சொல்றதா? பெரிய எடமா எங்கியோ போறா போலக்கீது. போவட்டும்.”

“மாமா, அந்த நீலப் பாவாடை…”

“நீலம் அவளுக்கு எப்பவும் எடுப்புதான்,” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

நான் மேடைக்கு ஓடினேன். பிள்ளைகளைத் தாண்டிச் சீனுவிடம் போகவே முடியவில்லை. திரும்பி வாசலுக்கு ஓடியபோது அவர் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார்.

மேடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை. சீனு கொக்கிகளைக் கழற்றித் தலையைத் தூக்கினான். ரெஜினாவின் முகம் வெந்த மாதிரி சிவந்திருந்தது, முடி ஒட்டிக் கிடந்தது. கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“அப்பா எங்கடி?”

சொன்னேன். எதையும் விடாமல் சொன்னேன், நீலப் பாவாடை உட்பட. சீனு வெளியே போய் நின்றுகொண்டான்.

“பசங்க முன்னாடி எப்டிடி கழட்டுறது,” என்றாள். “பயந்துடும்ங்க. அவரு குந்தியிருப்பாருன்னு நெனச்சேன்.”

இப்போதே போன் செய்து சொல்கிறேன் என்று கைபேசியை எடுத்தேன். அதற்குள் அவளுடையது அடித்தது. அப்பா. வருடக் கணக்கில் அந்த எண்ணிலிருந்து அழைப்பே வந்ததில்லை. அவள் ஸ்பாஞ்சுக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டு எடுத்தாள். பஸ் இரைச்சலில் அவர் கத்திப் பேசினார், எனக்கே கேட்டது.

“நல்லா ஆடினம்மா. உங்கம்மா பாத்திருக்கணும். நான்தான் தப்பா பேசிட்டேன்.”

ரெஜினா என்னைப் பார்த்தாள். சொல், சொல் என்று கையைக் காட்டினேன்.

“நீலம் போட்டுகினு நடுவுல ஆடினியே, அது நீதான? எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சிச்சு.”

“ஆமாப்பா,” என்றாள்.

“இங்கேர்ந்து பெரிய எடமா போறியா?”

“ஆமாப்பா.”

“எந்த ஊரு?”

“தூரம். போய்ட்டு சொல்றேன்.”

பிறகு அவர் கேட்டார், அந்தச் சின்ன ரூம் சும்மாதான் கிடக்கிறது, ஜெரோம் கேட்டுக்கொண்டே இருக்கிறான், கொடுத்துவிடட்டுமா என்று.

“குட்துடுப்பா,” என்றாள். “எனக்கு எதுக்கு.”

போனை வைத்த பிறகு அவள் அழவில்லை. நாளையிலிருந்து பம்மு ஆகப்போகிற ஷ்யாம் கதவருகே வந்து தயங்கி நின்றான், தலையை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுமாம். ரெஜினா ஒரு பழந்துணியில் டெட்டால் தண்ணீரைத் தொட்டு, ஆமைத் தலையின் உட்பக்கத்தை, நெற்றி படுகிற இடத்தையும் தாடை படுகிற இடத்தையும், பொறுமையாகத் துடைத்தாள்.

“ஈரமா கீது,” என்று அவனிடம் கொடுத்தாள். “ஃபேன் முன்னாடி வெச்சுட்டு அப்புறம் போட்டுக்க. இல்லன்னா மூஞ்செல்லாம் கொப்புளம் வரும்.”