இரைச்சல் அடங்கிய பெட்டி

பீட்டர்ராஜுக்கு இரண்டு தொழில். முதல் தொழிலில் சம்பாதித்த அறிவு இரண்டாவதைக் கெடுக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ராயப்பன்பட்டியில் இருபது வருஷம் கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டினார். அப்புறம் கல்யாண வீடியோவுக்கு வந்தார். மோட்டாரைத் தொட்டுப் பார்க்க மாட்டார், தோப்பு வேலியில் நின்றே காதைக் கொடுப்பார். இரைந்தால் சீக்கு, அடங்கி ஓடினால் சுகம். அந்தக் காதை நம்பாத, தோட்டம் வைத்திருக்கிற சம்சாரி சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

வீடியோ வெட்டி ஒட்ட அவர் வைத்திருந்தது கேமிங் லேப்டாப். விளையாட அல்ல; கனமான படத்தை அதுதான் இழுக்கும். விசிறி மாவு மில் மாதிரி இரையும். மாசியில் கம்பெனி ஒரு அப்டேட் அனுப்பியது. போட்டு முடித்ததும் பெட்டி வாயை மூடிக்கொண்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மனைவி ரீட்டாவைக் கூப்பிட்டு, கேட்க ஒன்றுமில்லாததைக் கேட்கச் சொன்னார்.

அந்த அப்டேட் விசிறியின் வேகத்துக்கு உச்சவரம்பு போட்டிருந்தது. சூட்டுக்குப் போடவில்லை.

முதலில் மேசை விரிப்பு பெட்டிக்கு அடியில் சுருங்கி ஒட்டிக்கொண்டது. மட்டமான சரக்கு என்றார். பிறகு மூடி படியவில்லை. தூசி என்றார். உள்ளங்கை வைக்கும் இடம் லேசாக மேடுதட்டியது. அதில் கை படாமல் தட்டப் பழகிக்கொண்டார்.

அந்த வாரம்தான் மார்க்கையன்கோட்டை அய்யம்மாள் வந்தார். மகள் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அவர் கணவர் வீரணன் நெஞ்சுவலியில் போய்விட்டார். கேமராவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிற மனிதர், பந்தியில் மட்டும் மகளைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசியிருந்தார். அந்தக் குரல் வேறெங்கும் இல்லை. மெமரி கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. இருப்பது பெட்டிக்குள் மட்டும். அந்தத் துண்டு போதும் என்றார் அய்யம்மாள். துண்டாகக் கொடுப்பது பீட்டர்ராஜுக்குக் கௌரவக் குறைச்சல். வீரணனுக்குப் படையல் போடும் முப்பதாம் நாள் கும்பிடுக்கு முழுப் படமாக, பாட்டோடு தருவதாகச் சொல்லி அனுப்பினார்.

முழுப் படமாகச் சேர்க்கப் பெட்டியை ஓடவிட்டார். நாற்பது நிமிஷத்தில் பெட்டி தானாக அணைந்தது. ஆறவிட்டுப் போட்டார், இருபது. மறுபடி போட்டார், பத்து. துண்டையாவது எடுத்துவிடலாம் என்று அவருக்குப் புத்தி வந்தபோது, பென்டிரைவ் செருகும் வாய்கள் வீக்கத்தில் கோணியிருந்தன. எதுவும் ஏறவில்லை.

தேனி மெக்கானிக் இம்மானுவேலுக்குப் போன் போட்டார். விசிறியைக் கட்டிப்போட்டது அப்டேட் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பேட்டரி ஊதியிருக்குண்ணே. ஆன் பண்ணாம அப்படியே கொண்டாங்க. டிஸ்க் பொழச்சிருக்கான்னு கழட்டித்தான் பாக்கணும்."

நாலு நாள் ஆகுமாம். கும்பிடு மறுநாள். கழட்டியதெல்லாம் திரும்ப ஓடாது என்பது காயில் கட்டியவருக்குத் தெரியும். அய்யம்மாள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாயிற்று. அவரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அக்கா, வாசப்படிக்கு அங்கிட்டு நில்லுங்க. போனை மட்டும் என்கிட்டக் குடுங்க."

"அவுக மொகம் தெரியுமா தம்பி?"

"தெரியும்."

திரையைச் செல்போனால் படம் பிடிக்கிறவர்களைப் பார்த்துப் பல வருஷம் சிரித்தவர் அவர். பெட்டியைப் போட்டு, அய்யம்மாளின் போனைத் திரைக்கு நேரே பிடித்தார். அது கண் திறக்கவே ஆறு நிமிஷம் ஆனது. வீரணன் இலை முன்னால் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். "எம் மக கோவக்காரி, ஆனா பசி தாங்க மாட்டா" என்றபோது நகப்பூச்சு மாதிரி தித்திப்பாக ஒரு வாடை வந்தது. விசைப்பலகை நடுவில் எழும்பிக்கொண்டிருந்தது. ரீட்டா வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். பீட்டர்ராஜ் கையை அசைக்கவில்லை. வீரணன் நிதானமாகப் பேசுகிறவர். உயிரோடு இருந்தபோதும் அவசரப்பட்டதில்லை.

பேச்சு முடிந்ததும் வயரைப் பிடுங்கினார். பெட்டியைக் கொத்தனாரின் இரும்புச் சாந்துச்சட்டியில் வைத்துத் தூக்கிப் போய் வாசலுக்கு எதிரே கிடந்த மணலில் இறக்கினார். அய்யம்மாள் போனை வாங்கிக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

வேறு யாரும் பெட்டிக்கு உள்ளே இருக்கிறார்களா என்று ரீட்டா கேட்டார்.

"நாலு கல்யாணம். சர்ச்சுல ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை" என்றார் பீட்டர்ராஜ்.

பெட்டியின் விளிம்பிலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை கிளம்பத் தொடங்கியிருந்தது.