பின்னட்டையில் ஐந்து பொட்டுகள்

பிரவுன் அட்டை போட்ட, நாற்பது பக்கக் கணக்கு நோட்டு அது. பின்னட்டையின் உட்பக்கத்தில் ஐந்து பச்சை ஸ்டிக்கர் பொட்டுகள் ஒரே வரிசையில் ஒட்டியிருக்கின்றன. வெள்ளையடிப்பதற்காகப் போன மாதம் பீரோவை ஒழித்தபோது, பழைய பாடக்குறிப்பேடுகளுக்கு அடியில் இருந்து வந்தது. "இது யார் நோட்டு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "பள்ளிக்கூடத்துப் பிள்ளை நோட்டு" என்றேன். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு பிள்ளையிடமிருந்து நான் பிடுங்கி வைத்துக்கொண்ட நோட்டு என்றோ, ஒன்பது வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை பார்த்தது ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நடுநிலைப் பள்ளியில். காலையில் ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே போய், சாயந்தரம் அதே மாதிரி நின்றுகொண்டே திரும்புவேன். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு நான்தான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் நல்ல டீச்சர் என்று பேர் எனக்கு. என் பேரைச் சொல்லியே பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். இந்தப் பேரை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுதான் காரணம்.

ஒன்பது வருடத்துக்கு முன், ஒவ்வொரு வகுப்பிலும் கற்றல் இலக்குகளைச் சார்ட்டில் எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பக்கவாட்டில் பிள்ளைகளின் பெயர், மேலே இலக்குகள், நடுவே கட்டங்கள். இலக்கை எட்டிய பிள்ளைக்கு ஒரு குறி போட வேண்டும். எல்லாப் பள்ளியிலும் பேனாவால் டிக் போட்டார்கள். எங்கள் தலைமையாசிரியருக்கு அது போதவில்லை. "பாத்தா பளிச்சுன்னு இருக்கணும் டீச்சர்" என்றார். நான்தான் ஸ்டிக்கர் பொட்டு யோசனையைச் சொன்னேன். தெரிந்தவர்களுக்குப் பச்சை, தெரியாதவர்களுக்குச் சிவப்பு. சிவப்புப் பொட்டுக்காரர்களுக்குப் பள்ளி விட்ட பிறகு அரை மணி நேரம் தனியாக வகுப்பு. பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் அட்டை அட்டையாக வாங்கினேன். பச்சைப் பொட்டு யாருக்கு இவ்வளவு என்று கடைக்காரப் பெண் சிரித்தாள்.

ஏழாம் வகுப்புச் சார்ட்டில் நான்காவது இலக்கை என் கையாலேயே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினேன்: 'பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பார், அதன் பொருளை விளக்குவார்.' எழுதினேனே தவிர, படித்தேன் என்று சொல்ல முடியாது. பின்ன வகுத்தலை நான் எத்தனையோ வருடமாக ஒரே மாதிரிதான் நடத்தி வந்தேன். இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாகப் போடு, வகுத்தலைப் பெருக்கலாக மாற்று, முடிந்தது. பிள்ளைகள் கோரஸாகச் சொல்லும். பரீட்சையில் சரியாகப் போடும். எனக்கு என் டீச்சர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்.

இந்த நோட்டுக்குரிய பிள்ளை மூன்றாவது பெஞ்சில் ஓரத்தில் உட்காரும். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பேண்டேஜ் கம்பெனியில் வேலை, மருந்துக்கட்டுத் துணியை அளந்து பட்டை பட்டையாக வெட்டுகிற வேலை. பிள்ளை ரொம்பக் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். நிதானமாகப் போடும், சரியாகப் போடும். அதனால் நான்காவது கட்டத்தில் அதற்கும் பச்சைப் பொட்டு ஒட்டினேன். அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து கையைப் பாவாடையில் துடைத்தபடி என் மேஜைக்கு வந்தது.

"டீச்சர், அந்தப் பொட்டை எடுத்துருங்க. எனக்கு அது தெரியாது."

"கணக்கெல்லாம் சரியாத்தானட்டி போட்டிருக்கே."

"போட்டேன் டீச்சர். அரையைக் காலால வகுத்தா ரெண்டுன்னு வருது. வகுத்தா கொறையத்தானே செய்யணும், எப்படிக் கூடுது? சார்ட்டுல பொருளை விளக்குவார்னு போட்டிருக்கு. எனக்கு விளக்கத் தெரியலை."

அந்தச் சார்ட்டை எழுதிய நானும் முழுதாகப் படிக்கவில்லை, அதிகாரிகள் யாரும் நின்று படித்ததில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை படித்திருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தலைகீழாப் போட்டுப் பெருக்கணும், அம்புட்டுத்தான். போயி உக்காரு." திருத்த வேண்டிய நோட்டுகளை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். பிள்ளை போய்விட்டது.

மறுநாள் அந்தக் கட்டத்தில் பொட்டைக் காணோம். ஃபேன் காற்றில் விழுந்திருக்கும் என்று வேறொன்று ஒட்டினேன். அதுவும் போனது. நன்றாக அழுத்தி மூன்றாவதை ஒட்டினேன். இப்படியே ஐந்து தடவை. அடுத்த வாரம் அதிகாரி பார்வையிட வருவதாக இருந்தது. தலைமையாசிரியர் சார்ட்டின் முன் நின்று, "எல்லாம் பச்சையா இருக்கு, இங்க மட்டும் ஏன் ஓட்டை மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அவருக்குக் கோபம் வந்தால் தெலுங்குக்குத் தாவிவிடுவார். அன்று தாவினார். எனக்கு மானமே போனது மாதிரி இருந்தது. நேராக வகுப்புக்குப் போய்ப் பைகளையெல்லாம் திறந்து காட்டச் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில், இந்த நோட்டின் பின்னட்டையில், ஐந்தும் இருந்தன.

"ஏன் எடுத்தே?"

"தெரியாதுன்னு சொன்னேன்ல டீச்சர். தெரிஞ்ச பொறவு ஒட்டிக்கிடலாம்னு பத்திரமா வச்சிருந்தேன்."

முன் பெஞ்சுப் பையன் ஒருவன், குசும்பு ஒன்றும் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, "அப்ப அதுக்குப் பொருள் என்ன டீச்சர்?" என்று கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். அரையைக் காலால் வகுத்தால் ஏன் இரண்டு வருகிறது என்று எனக்குத் தெரியாது. அத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன், தெரியாது. தெரியாது என்பதே அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கும் யோசிக்கணும்டா என்று சொல்லியிருந்தால்கூட பிள்ளைகள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள். நான் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, "பொட்டு மேல ஆசையா இருந்தா உங்கம்மாகிட்டக் கேட்டு வாங்கி வச்சுக்கணும். களவாங்கக் கூடாது" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பையனின் கேள்வி காணாமல் போனது. அதற்குத்தான் சொன்னேன், வேறு எதற்கும் இல்லை. பிள்ளை சிரிக்கவில்லை, அழவும் இல்லை. நான் சொன்னது தனக்குத்தானா என்று சந்தேகப்படுவது போல என்னைப் பார்த்துக்கொண்டே நின்றது. நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, நாளைக்கு அம்மாவைக் கூட்டி வா என்றேன்.

அம்மா வேலைக்கு நடுவே ஓடி வந்திருந்தார். சேலையிலும் தலைமுடியிலும் வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அறியாம செஞ்சிருப்பா டீச்சர், மன்னிச்சுருங்க" என்று நான் சொல்வதற்கு முன்பே சொன்னார். நான் சாட்சிப் பொருளாக நோட்டை நீட்டினேன். என்ன பேசுவதென்று தெரியாமல் அதைப் புரட்டியவர், ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "இது என்ன கணக்கு டீச்சர்?" என்று கேட்டார்.

"அரையைக் காலால வகுக்கிறது."

"ரெண்டுன்னு போட்டிருக்கா. சரிதான. அரை மீட்டர் துணியில கால் மீட்டர் பட்டை ரெண்டுதான விழும். நாங்க அளவுக் குச்சியை வச்சு அப்படித்தான் வெட்டுதோம்."

மகள் கணக்கையாவது சரியாகப் போட்டிருக்கிறாளே என்று எனக்குக் காட்டப் பார்த்தார், பாவம். இதில் எதுவும் குறையவில்லை, அரைக்குள் கால் எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி. அவ்வளவுதான் பொருள். ஐந்தாம் வகுப்புத் தாண்டாத ஒரு பெண் நின்ற நிலையில் சொல்லிவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும், உங்கள் பிள்ளை ஒன்றும் திருடவில்லை, எனக்குத் தெரியாததை அவள் கேட்டாள் என்று. "கூட்டிட்டுப் போங்க. இனிமே இப்படிச் செய்யாமப் பாத்துக்கோங்க" என்றேன். நோட்டை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதிகாரி வந்த அன்று, முதலுதவிப் பெட்டியிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்து, அரை மீட்டர் அளந்து, எல்லோர் முன்பும் கால் கால் மீட்டராக வெட்டிக் காட்டினேன். "பார்த்தீங்களா, ரெண்டு" என்றேன். பிள்ளைகள் முகமெல்லாம் மலர்ந்தது. அதிகாரி கைதட்டினார். வாழ்க்கையோடு சேர்த்து நடத்துகிறார் என்று பதிவேட்டில் எழுதினார். மற்றப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு கூட்டத்தில் அதையே செய்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன். யார் சொல்லித் தெரிந்தது என்று அங்கும் சொல்லவில்லை. அதிகாரி வந்த அன்று வகுப்பில், மூன்றாவது பெஞ்சிலிருந்து அந்தப் பிள்ளை, வெட்டிய இரண்டு துண்டுகளையும் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. அது தன் அம்மாவின் வேலை என்று அதற்குத் தெரியாமலா இருக்கும்.

அதிகாரி வருவதற்கு முந்தின நாளே ஆறாவது பொட்டை ஒட்டியிருந்தேன். அதை யாரும் எடுக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெரியுமா என்றால் தெரியும் டீச்சர் என்று சொல்லும். அந்தத் தொல்லை விட்டது என்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பீரோவிலிருந்து நோட்டு வந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய மாணவன் ஒருவனிடம் விசாரித்தேன். ராஜபாளையத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்றான். ஒரு சனிக்கிழமை, மத்தியான இடைவேளையில் வாசலில் போய் நின்றேன். பார்த்ததும் அடையாளம் கண்டு ஓடி வந்தாள். "டீச்சர், நல்லா இருக்கீகளா? வெயில்ல நிக்கீகளே" என்று நிழலுக்கு இழுத்துப் போனாள். என்ன படித்தாய் என்று கேட்டேன். "பத்தாவதோட நின்னுட்டேன் டீச்சர். கணக்குல போயிருச்சு. எனக்குத்தான் அப்பவே கணக்கு வராதே" என்று சிரித்தாள்.

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அன்னைக்கு எனக்கே தெரியாது தாயி. அதை மறைக்கத்தான் ஒன்னைக் களவாணின்னு சொன்னேன். ஒனக்குக் கணக்கு வராம இல்லை, எங்க எல்லாரையும் விட நீதான் ஒழுங்காப் படிச்சே." பின்னட்டையைத் திறந்து பொட்டுகளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்றும் நினைத்தேன். நோட்டை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எங்கிட்ட எதுக்கு டீச்சர்? நான் களவாங்கலைன்னு எனக்குத் தெரியும். எங்க அம்மாட்ட சொல்லுங்க. அவிய இன்னும் நான் களவாண்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருக்காக."

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்பெனிக்குப் போக முடியாமல் அந்த அம்மா இப்போது வீட்டிலேயே பட்டை வெட்டுகிறார். தரையில் துணி விரிந்து கிடந்தது, பக்கத்தில் கத்தரிக்கோல், கறுத்துப் போன மர அளவுக் குச்சி. நாற்காலி எடுத்துப் போட்டார், இந்தத் தடவை நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், பேண்டேஜ் சுருளை வெட்டிக் கைதட்டு வாங்கியது வரைக்கும். சொல்லி முடித்ததும் குச்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்ச பொறவு ஒட்டிக்கிட வச்சிருந்தேம்மான்னு எங்கிட்டயும் அதைத்தான் சொன்னா டீச்சர். டீச்சர் எதுக்குட்டி பொய் சொல்லப் போறாகன்னு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சேன். இந்தக் குச்சியாலதான்."

நான் நோட்டை நீட்டினேன். வாங்கி நேராகப் பின்னட்டையைத் திறந்தார். ஓரத்துப் பொட்டு ஒன்று கழன்று துணியில் விழுந்தது. அதை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பெருவிரலால் அழுத்தினார். பசை எப்போதோ போய்விட்டது. விரலை எடுத்தால் திரும்ப விழுந்துவிடும் என்று தெரிந்ததால், நான் கிளம்புகிற வரைக்கும் அவர் விரலை எடுக்கவில்லை.