உப்புத் தண்ணீரும் ராணுவ லாரியும்

ராமநாதபுரம் பேருந்து நிலையத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பேருந்துக்குக் காத்திருக்கும் பொறுமை எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. சாலையோரம் ஒரு லாரி, மூடியைத் திறந்துபோட்டு ஆவி விட்டுக்கொண்டு நின்றது. சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன்.

வெள்ளைக்காரன் போன புதிது. அன்றும் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன், உப்பளத்து வேலையை உதறிவிட்டு. ஏன் என்று கேட்காதீர்கள். எட்டாம் வகுப்பையும் இப்படித்தான் உதறினேன். உச்சிப்புளிப் பக்கம் ராணுவம் விட்டுப்போன லாரிகளை ஏலம் போட்டிருந்தார்கள். பச்சை லாரி ஒன்றின் அருகே இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அதை வாங்கிய பெரியபட்டினத்து மரைக்காயர். இலங்கைக்குக் கருவாடு ஏற்றிப்போன தோணியை விற்று, வந்ததை எல்லாம் இந்த லாரியில் போட்டிருந்தார். மற்றவன் அவர் மனைவியின் தம்பி செய்யது.

"ஏலே, வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றார் மரைக்காயர், வேடிக்கை பார்க்க நின்ற என்னிடம்.

"தெரியும் மொதலாளி."

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கமுதிப் பக்கம் கரி வாயுவில் ஓடிய பஸ்ஸில் ஆறு மாதம் அடுப்புக்குக் கரி போட்டவன் நான். ஸ்டியரிங்கை இரண்டு தடவை பிடித்திருக்கிறேன், நின்ற வண்டியில். ஓட்டுநர் வேலை என்றால் மூன்று வேளைச் சோறு. பசி அப்படிப் பேச வைத்தது.

எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் நிற்கிற ரேடியேட்டர் ஒழுகியது. அதைச் சொல்லித்தான் விற்றிருந்தார்கள். ஊருக்கு எட்டுக் கல் தூரம். ஓட்டிப்போவதா, மாடு கட்டி இழுத்துப்போவதா என்பதுதான் வாதம்.

"புதுத் தோணிய எவனாச்சும் கட்டி இழுத்துட்டு வருவானா? பாய் விரிச்சுல்ல கரைக்கு வரணும்!" என்றார் மரைக்காயர்.

அந்தக் கரையில் அதுதான் வழக்கம். புது வண்டிக்காகப் பாத்திஹா பிரார்த்தனை ஓதி, சர்க்கரை வழங்க ஊரில் எல்லாரும் காத்திருந்தார்கள்.

"தண்ணிதான மச்சான் கவல? வழி பூரா கடல் கெடக்கு. நாலு டின்னு இருந்தா ஊத்திக்கிட்டே போயிரலாம்" என்றான் செய்யது.

மரைக்காயர் முகம் மலர்ந்தது. "ஏறுலே" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். உப்பளத்தில் புது மண்வெட்டி ஒரே வருடத்தில் துருவேறிப் பொரிந்து உதிர்ந்ததைப் பார்த்தவன் நான். அதே தண்ணீர் கொதிக்கிற இரும்புக்குள் போனால்? அந்த மனிதரின் தோணி முழுக்க அந்த எஞ்சினுக்குள்தான் இருந்தது. இறங்கிவிட்டேன்.

"மொதலாளி, உப்புத் தண்ணி ஊத்தினா எஞ்சின் போயிரும். மாட்டக் கட்டுங்க."

"ஏலே, ஊரு சிரிக்குமே!"

"சிரிக்கட்டும். இன்னொண்ணு... எனக்கு ஓட்டவும் தெரியாது. கரி பஸ்ல அடுப்பு ஊதுனவன்."

செய்யது மணலில் உட்கார்ந்து சிரித்தான். "நல்லவேள மச்சான்! தண்ணி மொள்ளுற வேலையே இருந்திருக்காது. கடலுக்குள்ளயே கொண்டு விட்டிருப்பான்."

மரைக்காயர் சிரிக்கவில்லை. லாரியின் முகப்பை ஒருமுறை தடவினார். பிறகு, "மாட்டுக்குச் சொல்லு" என்றார்.

மூன்று ஜோடி மாடுகள் வந்தன. விற்ற தோணியின் நங்கூரக் கயிறு மட்டும் அவரிடம் மிஞ்சியிருந்தது, அதைத்தான் கட்டினோம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது நான். ஊர் எல்லையில் பிள்ளைகள் "மாட்டு லாரி, மாட்டு லாரி" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். மரைக்காயர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தோணியைக் கரையேற்றுகிறவர் போல மாடுகளுக்கு முன்னால் தலைநிமிர்ந்து நடந்தார். பாத்திஹா முடிந்ததும் முதல் கைச் சர்க்கரையை மாடுகளுக்கு ஊட்டினார்.

இப்போது அந்தக் கரையில் பாய் விரித்து வரும் தோணி இல்லை. மரைக்காயரும் இல்லை, செய்யதும் இல்லை. பொய் சொன்னவனை அன்றிரவே உட்காரவைத்துச் சோறு போட்டு, பெயரை மறுநாள் கேட்கிறவர்கள் எங்கேயாவது இருக்கிறார்களா, தெரியவில்லை.

அந்த மறுநாள் காலை, தொழுகை முடித்து வந்த மரைக்காயர் என் பெயரைக் கேட்டார். பிறகு இரண்டு குடங்களை என் முன்னால் வைத்தார்.

"ஓட்டைய அடைக்க ஆளு வாரான். நல்ல தண்ணி ஊத்து ஒண்ணு அங்கன, பனங்காட்டுக்குள்ள இருக்கு. வண்டிக்குத் தண்ணி கொண்டாரது ஒன் பாடு."

குடங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.