இருந்த இடத்திலேயே

என் அக்காவை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தவன் நான். ஒரே ஒரு லத்தீன் சொல்லால்.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

கத்தோலிக்கக் குருமடத்தில் மூன்றாண்டுகள் லத்தீன் படித்தேன். குருவாகாமல் திரும்பி வந்து, பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் நான் பாதியில் ஓடிவந்தவன். லூர்து அக்காவுக்கு மட்டும் நான் படித்தவன்...

கொழுந்து பறிப்பவள் அவள். மார்பில் கட்டி என்று சோதனைக்குப் போய், ஆங்கிலத்தில் ஒரு தாளோடு வந்தாள். டாக்டர் அறுக்கச் சொன்னாராம். கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம். தாளில், புற்று என்ற சொல்லை அடுத்து 'இன் சிட்டு' என்றிருந்தது.

நான் பாடமே எடுத்துவிட்டேன். 'சிட்டுஸ்' என்றால் இடம். 'இன் சிட்டும்' என்றால் இடத்துக்குள் போவது. 'இன் சிட்டு' என்றால் இடத்தில் இருப்பது. நம்முடைய ஏழாம் வேற்றுமை போல.

"அப்போ அது நகராதாடா?"

"நகராதுக்கா. இருந்த இடத்துலயே இருக்கும்."

இருக்கிறது, இருக்கும்... இரண்டுக்கும் வேறுபாடு எனக்கா தெரியாது? அந்தச் சொல்லில் எதிர்காலமே இல்லை. அதைச் சேர்த்தவன் நான்.

மறுநாள் அவள் மலைக்கு வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை அழைத்தார்கள். தம்பி படித்துச் சொல்லிவிட்டான் என்றாளாம்.

சில வாரங்கள் கழித்து லத்தீன் அகராதியைப் புரட்டினேன். 'சிட்டுஸ்' என்ற அதே சொல்லுக்கு இன்னொரு பொருள் இருந்தது: கவனிப்பாரற்றுக் கிடப்பதில் படியும் பூசணம், சிதைவு. அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். என்னைப் படித்தவன் என்று நம்பிய ஒரே ஆளிடம், எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? நாளை என்றேன். அடுத்த வாரம் என்றேன். ஒன்பது மாதங்கள்!

அதற்குள் அது எலும்புக்குப் போயிருந்தது.

கட்டிலில் கிடந்தபடி அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நீ சரியாத்தான் படிச்சே தம்பி. அவங்கதான் தப்பா எழுதிட்டாங்க."

நான் அவள் போர்வையை இழுத்துவிட்டேன். அவள் அப்படியே நம்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

அடக்கம் முடிந்த மாதம் அக்காவின் கணவர், மாமா வந்தார். திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். கல்லறைக் கல்லில் லத்தீனில் ஒரு வரி வேண்டும் என்றார். உன் படிப்பில் அவளுக்கு அவ்வளவு பெருமை என்றார்.

எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு பிழையும் இல்லை.