பாடியவர் என்ற கட்டம்

சிவகாசி ஒலிப்பதிவுக் கூடமொன்றில், கும்மிப் பாட்டுகளைக் காலர் டியூனுக்கு அனுப்ப விவரப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். பட்டாசு வேலைக்காரர் ஒருவர் வந்து நின்றார். விரல்களெல்லாம் அலுமினியப் பொடி. அதனால் எதையும் தொடாமல், ஓடிக்கொண்டிருந்த பாட்டைத் திரையில் புறங்கையால்தான் காட்டினார்.

"இந்தப் பாட்டைப் பாடுனது எம் பொஞ்சாதி, தாயி. அவ பேரு எங்கன இருக்கு?"

பாட்டின் நீளத்தை நொடி பிசகாமல் குறித்திருந்தேன். பாடியவர் கட்டத்தில் மட்டும், முதலாளி சொன்னபடி, 'குழுவினர்' என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன்.

"வெடிவிபத்துல அவ போனப்பவும் பேப்பர்ல 'மேலும் மூவர்'னுதான் போட்டாக. இங்கனயாவது பேரைப் போடுங்க."

அவர் பேரைச் சொல்ல, 'சண்முகக்கனி' என்று தட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"இனி யாரும் அழிச்சிர மாட்டாகள்ல?"

"மாட்டாங்க" என்றேன். அவர் நம்பி, கம்பெனி வேன் ஏறிப் போனார். என்னிடமிருந்து போன பட்டியலை அப்புறம் யார் திருத்துவார்கள் என்பது எனக்கு அன்றும் தெரியாது.