தீபச் சரக்கு

குடோன் நிறைந்திருக்கும்வரை நமக்கு ஒரு குறையும் வராது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கையில் காசில்லாத மாதங்களிலும் அந்த நம்பிக்கை தளரவில்லை. பால்காரருக்குப் பாக்கி வைத்துக்கொண்டு, மளிகைக்கடையில் கணக்கு எழுதச் சொல்லிக்கொண்டு, நாங்கள் எங்களை வசதியானவர்கள் என்றே எண்ணியிருந்தோம்.

அப்பா கற்பூரம் தயாரித்தார். சென்னையிலிருந்து மூட்டைகளில் வரும் கற்பூரப் பொடியைக் கை அச்சில் அழுத்தி வில்லைகளாக்கி, பிளாஸ்டிக் பாக்கெட்டுகளில் அடைத்து, அட்டைப் பெட்டிகளில் கட்டுவது எங்கள் தொழில். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகையின் ஒரு பாதியில் நான்கு பெண்கள் அச்சு அடித்தார்கள். மறு பாதிதான் குடோன். தை மாதம் தொடங்கும் வேலை ஐப்பசிவரை நிற்காது. செய்த சரக்கு முழுவதும் கார்த்திகை தீபத்துக்கென்று அடுக்கப்படும். தீபத் திருவிழாவுக்குக் கோயிலில் கொடியேறும்வரை அதிலிருந்து ஒரு பெட்டியும் வெளியே போகக் கூடாது. கொடியேறிய அன்று முதல் பெட்டி கோயிலுக்குப் போகும். அதன் பிறகே வியாபாரம்.

இந்த ஆசாரத்துக்குப் பெரிய பின்னணி எதுவுமில்லை. அப்பா தொழில் தொடங்கிய வருடம் வாங்க ஆளில்லாமல் சரக்கு தேங்கிவிட்டது. அந்தத் தீபத்துக்கு ஊரில் கற்பூரத்துக்குத் தட்டுப்பாடு வந்து, தேங்கியதெல்லாம் நல்ல விலைக்குப் போயிற்று. சாமி கொடுத்த வழி அதுதான் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். ஒரு வருடத்து அதிர்ஷ்டத்தை அவர் வாழ்நாள் விதியாக்கிக்கொண்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு எரிகிறது.

ஆயுதபூசை அன்று அச்சுகளுக்குப் பொட்டு வைத்த கையோடு அப்பா பெட்டிகளை எண்ணுவார். எண்ணிக்கையைத் தீபத்து விலையால் பெருக்கி, வந்த தொகையைக் கொட்டகை முழுவதும் கேட்கும்படி சொல்வார். நாங்கள் பொரியைத் தின்றபடி கேட்டுப் பூரிப்போம். விற்காத சரக்கின் லாபத்தை அவர் அறிவிப்பதும் நாங்கள் அதைக் கொண்டாடுவதும் எங்களில் ஒருவருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

அந்தக் குடோனில் அத்தையின் பணமும் இருந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. அவள் கணவர் கீழ்பென்னாத்தூர் வழி ஓடும் பேருந்தில் நடத்துனர்; ஒரு விபத்தில் இறந்துபோனார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் என் அம்மாவும் காய்ச்சலில் போயிருந்தாள். பிள்ளையில்லாத அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து என்னை வளர்த்தாள். விபத்துக்குக் கிடைத்த நஷ்டஈட்டை வங்கியில் போடப் போனவளை அப்பாதான் தடுத்தார். "பேங்குல போட்டா தூங்கும்மா. என்கிட்ட குடுத்தா ஓடும்," என்றார். அண்ணன் சொன்னதை அவள் நம்பினாள்.

சில வருடங்கள் கழித்து எங்கள் மாவட்டம் புதிதாகப் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமையப்போகிறது என்ற பேச்சு வந்ததும் அங்கே நிலக்கடலை விளைந்த மல்லாட்டைக் கொல்லைகளில் மனைக்கல் நடத் தொடங்கினார்கள். அத்தை ஒரு மாலை என்னை அங்கே அழைத்துப் போனாள். சிறிய மனை; ஒரு மூலையில் வேப்பங்கன்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் அதற்குள் நடந்தாள். "இங்க அடுப்பு. இங்க தண்ணித் தொட்டி. வாசல் கிழக்கப் பாத்து," என்றவள் அந்த வாசல் இடத்தில் போய் நின்றாள். "என் வூட்டுக் கதவை நானே தொறக்கணும்டி. அவ்ளோதான் ஆசை." காதுத் தோட்டை விற்று மனைக்காரரிடம் சிறிது முன்பணம் கொடுத்துவிட்டிருந்தாள். மீதியைத் தீபம் முடிந்ததும் தருவதாகப் பேச்சு.

தீபம் முடிந்தது. அத்தை கொட்டகைக்குள் போய்க் கேட்டாள்.

"அண்ணா, என் பணத்தைக் குடு. மனை கிரயம் பண்ணணும்."

"கடைக்காரனுங்க இன்னும் தரல. தையில தான் வரும்."

தையிலும் கேட்டாள். அதற்குள் வந்த பணம் புதிய பொடி மூட்டைகளாகி இறங்கியிருந்தது. தீபம் கழிந்ததும் பொடி விலை இறங்கும், அப்போதே வாங்கிவிட வேண்டும் என்பது அப்பாவின் இன்னொரு விதி.

"உன் பணம் எங்கம்மா போச்சு? சரக்கா இருக்குது. கண்ணெதிர்ல இருக்குது பாரு."

"மூட்டையக் கொண்டுபோய்க் கொட்டினா மனை எழுதிக் குடுப்பானா?"

"அடுத்த தீபம் வரட்டும்."

"உனக்கு வருசத்துக்கு ஒரு நாள்தான் விடியும் போல," என்றாள் அத்தை. அச்சு அடித்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அப்பாவும் சிரித்தார். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மனைக்காரர் நல்ல மனிதர். விதவைப் பெண் என்று இரண்டு தீபம் பொறுத்தார்.

நான் அப்போது அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு தயாரிப்பாளரின் திறமையை அவரிடம் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று பார்த்து அளக்க முடியாது, அது வருடத்தில் எத்தனை முறை பணமாகித் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் முதலில் கேட்டேன். விற்ற சரக்கின் அடக்க விலையைச் சராசரி இருப்பால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். வகுப்பில் மற்றவர்கள் பாடப் புத்தகத்தில் இருந்த கற்பனைக் கம்பெனிக்கு அதைக் கணக்கிட்டபோது நான் எங்கள் கொட்டகைக்குக் கணக்கிட்டேன். விடை ஒன்றுக்கும் குறைவாக வந்தது. தையில் வீட்டைவிட்டுப் போன ரூபாய் மாசியில் வில்லையாகி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று தகரத்தடியில் படுத்திருந்து, கார்த்திகையில் கடைக்குக் கடனாகப் போய், மறு தையில்தான் திரும்பியது. சில பெட்டிகள் ஒரு தீபத்தில் விற்காமல் அடுத்த தீபத்துக்கும் காத்திருந்தன.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். தெருமுனை டீக்கடைக்காரர் காலையில் பாலுக்குப் போட்ட காசைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிறார், நமக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றேன்.

"அவன்கிட்ட குடோன் இருக்குதா?" என்று கேட்டார் அப்பா.

நான் கணக்கெழுதிய நோட்டை மூடிக்கொண்டு எழுந்தேன்.

அந்த வருடங்களில் ஊர் எங்கள் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தது. தீபத்துக்கு மட்டும் வந்துகொண்டிருந்த கூட்டம் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலை சுற்ற வரத் தொடங்கியது. அடி அண்ணாமலைப் பக்கம் இளநீர் விற்றவர்கள்கூட ஒரு பலகை போட்டுக் கற்பூரம் வைத்தார்கள். விடிவதற்குள் விற்றுத் தீர்ந்தது. பெரிய கடைத்தெருவில் பூசைச் சாமான்களை மொத்தமாக விற்ற பாய் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் வியாபாரம் செய்யும் குடும்பம், அதிர்ந்து பேசாதவர்.

"மாசாமாசம் பௌர்ணமிக்கு முன்னாடி நான் சரக்கு எடுத்துக்கிறேங்க. கடன் கிடையாது, கைமேல காசு. வெலைய மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க."

"கொடியேறாம பெட்டி வெளிய போகாது பாய்."

"கொடி வருசத்துக்கு ஒரு தடவைங்க. பௌர்ணமி பன்னெண்டு தடவை வருதே."

அப்பா தேநீர் வரவழைத்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார். நான் பொறுக்கமாட்டாமல் உள்ளே போனேன். அத்தையும் கூட வந்தாள்.

"கம்மியாதான் கேக்குறாருப்பா. ஆனா அந்தக் கம்மி லாபம் மாசாமாசம் வரும். ரெண்டே பௌர்ணமியில அத்தை பணத்தைக் குடுத்துடலாம்."

"பொம்பளைங்க ரெண்டு பேரும் சேந்து எனக்கு வியாபாரம் கத்துக்குடுக்குறீங்களா? பௌர்ணமிக்குப் பௌர்ணமி வித்துட்டு, தீபத்துக்குக் காலி குடோனைக் காட்டச் சொல்றியா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

ஊர் சிரிக்குமோ என்று அஞ்சியவர், தன் தங்கை கண்ணெதிரே நிற்பதைப் பார்க்கவில்லை. பாய் அடுத்த தெருவில் வேறொருவரிடம் சரக்கு எடுத்தார். அந்த மனிதர் வருடக் கடைசியில் மூன்றாவது அச்சு வாங்கினார்.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் காற்றில் போய்விடும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாக்கெட்டில் அடைத்துவிட்டால் போகாது என்று அப்பா நினைத்தார். அந்த ஆயுதபூசைக்கு அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னார். நான் தூக்கினேன். வெயில் நேரே இறங்கும் இடத்தில் சித்திரை முழுவதும் இருந்த பெட்டி. அதன் கனம் என் கைக்குச் சரியாகப் படவில்லை. தராசில் வைத்தேன். இருக்க வேண்டிய எடை இல்லை. பிரித்துப் பார்த்தபோது பாக்கெட்டுகள் தொளதொளத்துக் கிடந்தன. வில்லைகள் சப்பிய மிட்டாய்போல் இளைத்திருந்தன. பத்து வருடங்களாக அப்பா பெட்டிகளை எண்ணினாரே தவிர, ஒன்றைக்கூட நிறுத்துப் பார்த்ததில்லை.

"தராசு சரியில்ல," என்றார்.

பக்கத்து வீட்டிலிருந்து வேறு தராசு வந்தது. அதுவும் அதையே சொன்னது. அச்சுப் பெண்கள் கையில் பொரியோடு அசையாமல் நின்றார்கள். அப்பா பெட்டியை மூடி, கயிறு கட்டி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"தீபத்துக் கூட்டத்துல யார் நிறுத்துப் பாக்கப் போறான்? பெட்டிக் கணக்குலதான் எடுப்பாங்க," என்றவர் எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வழக்கம்போல் தீபத்து விலையால் பெருக்கினார். தொகையை மட்டும் இந்த முறை உரக்கச் சொல்லவில்லை.

கடைக்காரர்கள் நிறுத்துப் பார்த்தார்கள். பௌர்ணமிதோறும் வாங்கி விற்றுப் பழகியவர்களுக்குப் புதுச் சரக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தது. தீபம் முடிந்த வாரம் மாட்டுவண்டியில் எங்கள் பெட்டிகள் திரும்பி வந்தன. வண்டிக்காரன், "எங்க எறக்கட்டும்?" என்று கேட்டான். அப்பா குடோனைக் காட்டினார். அங்கே அவற்றுக்கு இடம் இருந்தது.

மனைக்காரர் அந்தத் தை பிறந்ததும் ஆளனுப்பினார். மனையை அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த ஒருவர் முழுப்பணம் கொடுத்து வாங்கிவிட்டாராம். அத்தையின் முன்பணத்தை ஒரு காசு குறையாமல் திருப்பியிருந்தார். அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"மனை போயிடுச்சு," என்றாள்.

அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, என்னால் இன்றுவரை மன்னிக்க முடியாத அந்த வார்த்தைகளைச் சொன்னார். "அடுத்த தீபத்துக்குப் பாத்துக்கலாம்மா."

"அடுத்த தீபத்துக்கு நான் மலை சுத்தப் போறேன்ணா. நீ உன் குடோனைச் சுத்து."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை அதன் பிறகு அவரிடம் பணம் கேட்கவே இல்லை. சோறு போட்டாள், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தாள், சட்டைக்குப் பொத்தான் தைத்தாள், கேட்கவில்லை. அவள் கேட்டுச் சண்டை போட்டிருந்தால் என் கோபம் இவ்வளவு காலம் நீடித்திருக்காது என்று சில சமயம் தோன்றுகிறது.

அப்பா திருடரில்லை. தனக்கென்று ஒரு நல்ல வேட்டி வாங்கிக்கொள்ளாதவர். அச்சுப் பெண்களின் கூலியை ஒரு சனிக்கிழமையும் தள்ளிப்போட்டதில்லை. எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட அவர் தன் கைக்கடிகாரத்தை அடகு வைத்தது எனக்குத் தெரியும். தங்கையின் பணத்தில் ஒரு பைசாவைக்கூட அவர் தனக்காகச் செலவழிக்கவில்லை. அதைப் பூட்டி வைத்தார், நாளுக்கு இரண்டு முறை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார், உள்ளே அது கரைந்துகொண்டிருந்தது. அவரை வெறுக்கவும் வழியில்லாமல், பொறுக்கவும் மனமில்லாமல், அதே வீட்டில் நான் வளர்ந்து, தேர்வெழுதி, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன்.

வருடத்துக்கு வருடம் பொடி மூட்டைகள் குறைந்தன. நான்கு பெண்கள் இருவராகி, பிறகு ஒருவருமில்லாமல் போனார்கள். புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்களில் அப்பா மாரடைப்பில் இறந்தார். காரியம் முடிந்த பிறகு குடோனைக் காலி செய்ய பாய்க்குச் சொல்லி அனுப்பினேன். வயதாகியிருந்தார். பெட்டிகளைப் பிரித்து, மிஞ்சியிருந்ததை எடைபோட்டு, நான் கேட்காமலே அன்றைய விலையைக் கொடுத்தார்.

"அப்பா நல்ல மனுசர்மா. குடோனைத்தான் ஜாஸ்தி நம்பிட்டாரு."

அந்தப் பணம் பொடி வியாபாரியின் பாக்கிக்குப் போதவில்லை. கொட்டகையும் வீடும் அடமானத்தில் இருந்தன, அவையும் போயின. அத்தைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சவில்லை. கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்து நான் அதைச் சொன்னபோது அவள் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தெரியும்டி," என்றாள், முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

அவள் நடந்து பார்த்த மனையில் இப்போது மாடி வீடு இருக்கிறது. அலுவலகத்துக்குப் போகும் வழியில்தான். அதன் வாசலில் ஒரு வயதானவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்; அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நாங்கள் அதற்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருக்கிறோம், அத்தையும் நானும்.