படிக்காத புத்தகத்துக்குச் சாட்சி

அந்த நாவலை நான் படித்திருந்தால் என் நண்பனை அடைத்து வைத்திருக்க மாட்டார்கள். இதைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலாயாவின் சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, ஆங்கில அரசின் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம். மலாக்காவில் ஆசிரியர் பயிற்சிக்கான மாலை வகுப்பில் நாங்கள் சேர்ந்திருந்தோம். கல்லூரி என்று பெயர்தான் பெரிது. காஜா பேராங்கில் ஒரு மளிகைக் கடையின் மாடியில், பலகைத் தரையில் பெஞ்சுகளைப் போட்டு நடத்தினார்கள். கீழே கருவாடு எடை போடும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவதும் கீழே கேட்கும் என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

அரசை எதிர்த்துக் காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்று அப்போது கடுமையான கட்டுப்பாடு. செங் போன்ற ஊர்களின் தோட்டத்துப் பாதைகளில் கேட் போட்டுத் தூக்குச்சட்டியைக்கூடத் திறந்து பார்ப்பார்கள். கைப்பிடி அரிசியோடு பிடிபட்டவனையும் விசாரணையில்லாமல் அடைத்து வைக்கலாம். மாத்தா மாத்தா என்று நாங்கள் சொல்லும் போலீஸின் லோரி தெருவில் திரும்பினால் பேச்சு நின்றுவிடும். லோரி போன பிறகும் உடனே தொடங்காது.

எங்களுக்கு இலக்கியம் எடுத்தவர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். ஆங்கிலேயரின் பனியையும் மாளிகைகளையும் படித்தது போதும், நாடு நம் கைக்கு வரப்போகிறது, நம் பக்கத்து மனிதர்களைப் படியுங்கள் என்று சொல்லிச் சீனா, வங்காளம், ஜப்பான், ஜாவா நாவல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதிதான். அதனால் ஒரு வழிமுறை வைத்திருந்தார். ஒருவன் நாவலைப் படித்துவிட்டு வகுப்பில் சொல்ல வேண்டும். அதுவும் தனக்கு நடந்ததைப்போல 'நான்' என்று, தன் ஊரில் தன் தெருவில் நடந்ததாக மாற்றிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அந்தக் கதை தூரத்து நாட்டுக் கதையாக நின்றுவிடாது என்பார். இன்னொருவன் அதே பிரதியைப் படித்துவிட்டுச் சாட்சியாக உட்கார வேண்டும். சொன்னது நாவலில் உள்ளதுதானா என்று முடிவில் அவன் சொல்வான்.

என் நண்பன் செட்டிக் கம்பத்துக்காரன். மலாக்காவில் பல தலைமுறைகளாக வாழும் செட்டிகளின் கிராமம் அது. நெற்றியில் திருநீறு இல்லாமல் வரமாட்டான், ஆனால் தமிழ் பேச வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்ச் சொல் கலந்த மலாய்தான் அவர்கள் வீட்டுமொழி. எங்கள் பேச்சும் அதில்தான். இங்கே தமிழாக்கித் தருகிறேன். ஜாவா நாவல் அவனுக்கு வந்தது. நான் அவனுக்குச் சாட்சி.

அவன் படித்து முடித்துப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தான். நான் முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் படித்தேன். அவ்வளவுதான். பரீட்சையில் ஆங்கிலேயர் எழுதியவைதான் வரும் என்று எனக்கு நிச்சயம். ஏழைகள், வெள்ளம், வரி, பசி எல்லாம் நம் கம்பத்திலும் தோட்டத்திலும் பார்ப்பதுதானே, அதைப் புத்தகத்தில் வேறு படிக்க வேண்டுமா என்ற திமிரும் இருந்தது.

அவன் பிரமாதமாகச் சொன்னான். கதையில் மலைக்கு ஓடிப்போன அண்ணனுக்குச் சோறு இல்லை. "நான் சைக்கிள் பம்ப்பில் அரிசியை அடைத்தேன்" என்றான் உரத்த குரலில். "செங் கேட்டில் என் டயரை அமுக்கிப் பார்த்தார்கள். காற்று அடிக்கட்டுமா என்று நானே கேட்டேன்." வகுப்பு சிரித்தது. கீழே எடைக்கல் சத்தம் நின்றிருந்தது.

"சாட்சி என்ன சொல்கிறது?" என்றார் விரிவுரையாளர்.

"சரியாகச் சொன்னான் சார். நடுவில் கொஞ்சம் சுருக்கிவிட்டான்."

படியிறங்கும்போது அவன் என் தோளில் இடித்தான். "அலாமாக், எங்கேடா சுருக்கினேன்? நீ எந்தப் புக்கைப் படிச்சே?"

"சாட்சின்னா ஒரு குறையாவது சொல்லணும்டா. இல்லாட்டி எனக்கு எப்படி மார்க் வரும்?"

"கள்ளச் சாட்சி லா நீ!" என்று சிரித்தான். கடையில் நின்றிருந்தவர்கள் சிரிக்கவில்லை. எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். வேண்டியதற்கு மேலேயே ஒதுங்கினார்கள்.

அந்த வாரமே அவன் வகுப்புக்கு வரவில்லை. விடியற்காலையில் வந்து அழைத்துப்போனார்கள் என்று அவன் தெருவில் சொன்னார்கள். சொன்னவர்கள் என்னைப் பார்க்காமல் சொன்னார்கள். பிறகு எனக்கும் ஆள் வந்தது.

போலீஸ் அதிகாரி தமிழர். நாற்காலியைக் காட்டினார். "பசியாறிட்டியா தம்பி?"

"ஆச்சு சார்."

"உன் கூட்டாளி பம்ப்புல அரிசி அடைச்சு செங் கேட்டைத் தாண்டினேன்னு கத்தியிருக்கான். கீழே நாலு பேர் கேட்டிருக்காங்க. விசாரிச்சா கதைங்கிறான்."

"கதைதான் சார். எங்க வாத்தியார் அப்படித்தான் சொல்லச் சொல்வார்."

"வாத்தியாரும் புக்குல இருக்குன்னுதான் சொல்றார். அவர் கொண்டுவந்த புக்கு, அவர் சொல்லத்தான் செய்வார். நீதான் சாட்சியாமே? கோர்ட்டு கணக்கா நடத்தியிருக்கீங்க." சிரித்துக்கொண்டே முன்னால் சாய்ந்தார். "அவ்வளவு தடிப் புக்கை யாருப்பா படிக்கிறது? அதான் உன்னைக் கூப்பிட்டேன். அரிசி கடத்துறது அதுல வருதா? வந்தா, எந்த இடத்துல? யார் கொண்டு போறா?"

முதலும் கடைசியும் எனக்குத் தெரியும். அவற்றில் அரிசி இல்லை. வருகிறது என்று சொல்லி, எங்கே என்ற கேள்விக்குத் தடுமாறினால் என்னையும் அவனோடு சேர்ப்பார்கள். படிக்கவில்லை என்று சொன்னால் அது கல்லூரிக்குப் போகும், எனக்குக் கிடைக்கவிருந்த ஆசிரியர் வேலை போகும். நான் கணக்குப் போட்டது என்னைப் பற்றி மட்டும்தான்.

"அப்படி ஒண்ணும் இல்லை சார்."

"நல்லாப் படிச்சியா?"

"ரெண்டு தடவை படிச்சேன் சார்."

அந்த இரண்டாவது பொய்யை அவர் கேட்கவே இல்லை. நானாகக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். நடுப்பகுதியில் இருந்தது. தம்பி சுமைத்தடியின் மூங்கிலைக் குடைந்து அரிசி நிரப்பி, காவலர்களைத் தாண்டி மலைக்குப் போகிறான். சுமை கனக்கிறதா என்று கேட்ட காவலனிடம், தூக்கிப் பாருங்கள் என்று தடியையே நீட்டுகிறான். மூங்கிலைப் பம்ப்பாக மாற்றியதைத் தவிர என் நண்பன் எதையும் கூட்டவில்லை. பாடம் கேட்டபடியே செய்திருக்கிறான்.

மறுநாள் புத்தகத்தைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போனேன். வாசலில் நின்ற காவலர் "என்ன வேணும்?" என்றார். வழி கேட்பவனைப்போல உஜோங் பாசிருக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து தெரிந்த வழி அது. அவர் கை நீட்டிக் காட்டினார். அந்தப் பக்கமே மிதித்துப் போனேன். அடுத்த வாரம் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் அவனை வேறு ஊர் முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விரிவுரையாளரையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் மறுபடியும் மாளிகைகளிலிருந்து தொடங்கினார்.

எங்கள் ஊர் மைதானத்தில் நாட்டின் சுதந்திரத் தேதியை அறிவித்த ஆண்டு அவன் திரும்பி வந்தான். நான் அப்போது ஆசிரியர். பள்ளி வாசலில் காத்திருந்தான். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தான்.

"எனக்குப் பயிற்சியில் இடம் திரும்பக் கேட்கப் போறேன்" என்றான். "வாத்தியார் இல்லை. நீதான் இருக்கே. கல்வி இலாகாவுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லு லா, அது புக்குல இருக்குன்னு. அன்னைக்கும் சொல்லியிருப்பே, அவங்க நம்பியிருக்க மாட்டாங்க."

அவன் அப்படி நம்பிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் சொன்னேன். இல்லை என்று சொன்னதையும், படிக்காததையும் சொன்னேன்.

"படிக்கவே இல்லையா?" என்றான் அவன். "ஏன்டா? நல்ல புத்தகம்."

திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். இலாகாவுக்கு வா என்று மறுபடி கேட்கவில்லை. அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. குருபோங்கில் ஒரு மரக்கடையில் வேலைக்குப் போனான், கடைசிவரை அங்கேயே இருந்தான்.

அவன் கேட்காவிட்டாலும் நான் தனியாக இலாகாவுக்குப் போயிருக்கலாம். போலீஸிடம் பொய் சொன்னவன் என்று என் வேலை போயிருக்கும், அவனுக்கு அவன் வேலை கிடைத்திருக்கும். அவன் கேட்காமல் விட்டதை எனக்குக் கொடுத்த அனுமதியாக எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினேன்.